கனடாவில் வாங்காதே, தம்பி

பேசாலை,
மன்னார்.
2026 ஜனவரி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. வட்சப்பில் நீ அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்தேன். எல்லாவற்றிலும் கரண்டைச் சேமித்துத் தருகிற ஒரு சாம்பல் நிறப் பற்றரிப் பெட்டி, பக்கத்தில் ஒரு கூடாரம், சிரித்துக்கொண்டு நிற்கிற ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். "எதை வாங்கட்டும், அக்கா? மடு ஆவணித் திருவிழாவுக்கு வரும்போது கொண்டு வாறன்" என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் உன்னை யாராவது கூப்பிடுவார்கள், நீயும் "ஓம் ஓம்" என்று சொல்லி வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஆறுதலாக வாசி. மச்சாளுக்கும் வாசித்துக் காட்டு, காசு விஷயத்தில் உன்னைவிட அவளுக்கு நிதானம் அதிகம்.

முதல் விஷயம், கனடாவில் வாங்காதே. அங்கே விற்கிற பெட்டிகள் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். எங்களுக்கு இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். அந்தப் பெட்டியில் அம்மாவின் ஃபானைச் செருகினால் காற்று வராது, முனகல்தான் வரும். அதை நிரப்புவதற்காக எங்கள் சுவரில் செருகினாலோ உள்ளே இருக்கிற சார்ஜர் கருகிப் போகும். ட்ரான்ஸ்போமர் ஒன்றை இடையில் வைக்கலாமே என்பாய். அது இரும்புப் பாரம், சும்மா கிடக்கும்போதும் கரண்ட் குடிக்கும், 60ஐ 50 ஆக்கவும் அதற்குத் தெரியாது.

அப்படியென்றால் லண்டனில் சின்னக்கா வாங்கட்டும் என்று அடுத்து யோசிப்பாய். அங்கே விற்பது 230 வோல்ற்தான், பிளக்கும் எங்கள் 13 அம்பியர் சதுரப் பிளக்தான். ஆனால் எயார்போட்டில் விட மாட்டார்கள். லிதியம் பற்றரியில் 100 வாற்-மணி வரை கைப்பொதியில் கொண்டு வரலாம். 100க்கும் 160க்கும் இடைப்பட்டதற்கு விமானக் கம்பனியிடம் முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பயணியின் பொதியில் இடமே இல்லை. நீ அனுப்பிய படங்களில் மிகச் சின்னதே 256. கப்பலில் பெட்டி அடித்து அனுப்புகிறவர்களிடம் கொடுப்பதென்றால் ஆபத்தான பொருள் என்று எழுதித்தான் கொடுக்க வேண்டும். சொக்லேற்றுக்கும் ஷாம்பு போத்தலுக்கும் நடுவில் ஒளித்து அனுப்புகிற வேலை வேண்டாம். கொள்கலனுக்குள் லிதியம் பற்றிக்கொண்டால் எங்கள் பெட்டி மட்டும் எரியாது.

ஆகவே காசை அனுப்பு, பெட்டியைக் கொழும்பில் வாங்கலாம். எந்தப் பெட்டி என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் இங்கே கரண்ட் எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். நீ போன பிறகு அது நிறைய மாறிவிட்டது.

2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு. அந்த மாதம்தான் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் சனம் படகேறி, பிள்ளைகுட்டியோடு அரிச்சல்முனையில் போய் இறங்கியது. அது நாடு வங்குரோத்தான கதை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றரை போல இலங்கை முழுக்க ஒரேயடியாகப் போனது. பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு ஒன்று பாய்ந்ததாம், மந்திரியே சொன்னார். ஊரெல்லாம் சிரித்தது. ஆனால் விஷயம் குரங்கோடு முடியவில்லை. ஞாயிறு என்பதால் நாட்டில் பாவனை குறைவு. கூரைச் சோலரோ உச்சி வெயிலில் கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றுகிற பெரிய இயந்திரங்கள் குறைவாக இருக்கிற நேரத்தில் ஒரு அதிர்ச்சி வந்தால் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லை. அந்தத் தட்டில் நுரைச்சோலை அனல்மின் நிலையமும் நின்றுபோய், அடுத்த நாட்களிலும் ஒன்றரை மணித்தியாலப்படி வெட்டினார்கள். இரண்டு மாதம் கழித்துச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, பகலில் கூரைச் சோலரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கெஞ்சியதும் இதே பயத்தில்தான்.

பிறகு போன நவம்பர் கடைசியில் டித்வா புயல். 2020 டிசம்பர் புரவிப் புயலுக்கு நாங்கள் பயந்ததுதான் கூட, வந்தது குறைவு. டித்வாவில் அது தலைகீழ். காற்றைவிடத் தண்ணீர்தான் எங்களை முடக்கியது. கரண்ட் போன இரவு அம்மாவுக்கு இழுப்பு வந்தது. நெபுலைசர் மேசையில் இருக்கிறது, மருந்து இருக்கிறது, செருக இடமில்லை. நான் முதுகைத் தடவ, சின்னவள் பனையோலை விசிறியால் விசிறினாள். அத்தான் பக்கத்து ஒழுங்கையில் ஜெனரேற்றர் வைத்திருக்கிற வீட்டுக்கு நெபுலைசரைத் துவாயில் சுற்றிக் கொண்டு போய், கரண்ட் தருவார்களா என்று கேட்டு வந்து, பிறகுதான் அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனார். முழங்கால் தண்ணீர். கால் மணித்தியால வேலைக்கு அவ்வளவு பாடு. நீ இதைக் கேட்டுத்தான் பெட்டி வாங்க வெளிக்கிட்டாய் என்று எனக்குத் தெரியும். அந்த வீட்டார் ஜெனரேற்றரை மழைக்குப் பயந்து விறாந்தைக்குள் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகையில் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. கதவை அடைத்துப் படுத்தால் விடியாது. சொன்னேன், வெளியே தள்ளினார்கள்.

நீயும் ஜெனரேற்றர்தான் மலிவு என்பாய். மலிவுதான். ஆனால் 2022இல் கியூஆர் காட்டி அளந்து பெற்றோல் வாங்கிய கையால் இன்னொரு பெற்றோல் இயந்திரம் வாங்க மனம் வரவில்லை. கஷ்டம் வருகிற அன்றுதான் எண்ணெயும் கிடைக்காது. பாலத்தடி வீதி மூடினால் பவுசர் தீவுக்குள் வருமா?

காற்றாலை இருக்கிறதே என்று மச்சாள் கேட்டாளாம். முற்றத்தில் நின்றால் தெரிகிறது. தம்பபவனி, 30 கோபுரம், 103.5 மெகாவாற், 2020 டிசம்பரிலிருந்து சுற்றுகிறது. சோளகம் அடிக்கிற மாதங்களில் நிற்காமல் சுற்றும். ஆனால் அந்தக் கரண்ட் உயரழுத்தக் கம்பியில் ஏறிப் பெருநிலத்துக்குப் போய்த்தான் நாட்டுக் கணக்கில் சேரும். நாட்டுக் கம்பி செத்தால் அதுவும் தன்பாட்டில் நிற்கும், பக்கத்து வீட்டுக்கு ஒரு பல்ப் எரிக்கத் தராது. கூரைச் சோலர் போட்ட வீடுகளுக்கும் அதே விதிதான். லைனில் கரண்ட் இல்லையென்றால் அந்த இன்வேட்டர் தானாக நின்றுவிடும். கம்பியில் ஏறி வேலை செய்கிறவனுக்கு அடிக்கக்கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது, நியாயமானதுதான். இலட்சக்கணக்கில் கொட்டிச் சோலர் போட்டவர்களும் குரங்கு பாய்ந்த அந்த ஞாயிறு எங்களைப் போல வேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். புதிய காற்றாலை வேண்டாம் என்று மன்னாரில் நடந்த போராட்டத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். அது பெரிய கதை, இன்னொரு நாளைக்கு எழுதுகிறேன்.

இப்போது கணக்குக்கு வருவோம். ரீச்சர் வேலை என்னை விடாது.

பெட்டிக்காரன் 1000 வாற்-மணி என்று போட்டிருந்தால் அது எங்கள் பில்லில் வருகிற ஒரு யூனிற், அவ்வளவுதான். அதிலும் இன்வேட்டர் தான் தின்கிறதைத் தின்று எங்களுக்குத் தருவது ஏறத்தாழ 850. இனி எங்கள் வீட்டு இரவு. எல்லாரும் கூடத்தில் படுத்தால் இரண்டு ஃபான். கூரையில் தொங்குகிற பழைய ஃபான் ஒன்று 75 வாற். இரண்டும் எட்டு மணித்தியாலம் சுற்றினால் 1200. இரண்டு எல்ஈடி பல்ப் நாலு மணித்தியாலம், 72. ரவுட்டர் விடிய விடிய 100. நாலு போன், 60. நெபுலைசர் இரவிலும் விடியவும் கால் மணித்தியாலப்படி, 75. கூட்டினால் 1507. நீ ஆசைப்பட்ட 1000 பெட்டி இரவு ஒரு மணிக்கே கண்ணை மூடிவிடும். அடுத்த அளவு 2000 பெட்டி. விலை ஏறக்குறைய இரட்டி, பாரமும் இரட்டி.

ஆனால் அந்தத் தொகையில் ஐந்தில் நாலு பங்கு ஃபான் என்பதைக் கவனித்தாயா? இப்போது பிஎல்டிசி ஃபான் என்று ஒன்று வருகிறது. உள்ளே காந்தம் வைத்த மோட்டர், ரிமோட்டில் வேலை செய்யும், முழு வேகத்தில் 30 வாற் போலத்தான் எடுக்கும். இரண்டையும் அதற்கு மாற்றினால் 1200 என்பது 480 ஆகிறது. மொத்தம் 787. அதே 1000 பெட்டி விடியும் வரை தாங்கும், கொஞ்சம் நெருக்கமாகத்தான், ஆனால் தாங்கும். பெட்டியைப் பெரிதாக்குகிற காசில் ஒரு சிறு பங்குதான் இரண்டு ஃபானுக்குப் போகும். கரண்ட் இருக்கிற நாளிலும் பில் குறையும். பெட்டிக்கடைக்காரன் இதைச் சொல்ல மாட்டான், அவனுக்கு என்ன லாபம்? நான் உனக்குச் சொல்ல விரும்புவது முழுக்க இதுதான். முதலில் ஃபானை மாற்றுவோம், பிறகு பெட்டியைப் பார்ப்போம்.

இந்தக் கணக்கில் மூன்று சாமான்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். கேற்றில், ரைஸ் குக்கர் இரண்டும் பெட்டியின் பக்கமே போகக்கூடாது. விறகு இருக்கிறது, காஸ் இருக்கிறது. கிணற்று மோட்டரும் வேண்டாம். அரைக் குதிரைவலு என்று எழுதியிருந்தாலும் கிளம்புகிற கணத்தில் பல மடங்கு இழுக்கும், பெட்டி பயந்து நின்றுவிடும். கரண்ட் இருக்கும்போதே தாங்கியை நிரப்பி வைப்போம், இல்லாவிட்டால் வாளி இருக்கிறது. எங்கள் மணல் கிணற்றில் தண்ணீர் எட்டுகிற தூரம்தானே.

பிரிட்ஜ்தான் யோசிக்க வேண்டியது. மீனுக்காக இல்லை. மீன் மிஞ்சினால் கருவாடு, பேசாலைக்காரனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? அம்மாவின் இன்சுலினுக்காக. திறக்காத மருந்து 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் இருக்க வேண்டும். பாவனையில் இருக்கிற பேனா 30 பாகைக்குக் கீழே என்றால் வெளியிலேயே ஏறக்குறைய நாலு கிழமை தாங்கும். ஆனால் எங்கள் ஊரில் பகலில் 30க்குக் கீழே என்பது மாரியில்தான். அந்தப் பேனாவுக்கு ஈர மணலில் வைத்த மண்பானை போதும். திறக்காததற்கு, பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணித்தியாலம் குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் பகலில் இடையிடையே பெட்டியில் கொஞ்ச நேரம் ஓட்டிக் குளிரை மீட்கலாம். ஓடும்போது 100 வாற்தான், கிளம்பும்போது மட்டும் ஒரு உதை. 1500, 1800 வாற் தருகிற பெட்டி அந்த உதையைத் தாங்கும், 300 வாற் பெட்டி தாங்காது. சின்னப் பெட்டி வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

மன்னார் ரவுணில் ஒரு கடைக்காரர் வேறு யோசனை சொன்னார். 150 அம்பியர்-மணி ரியூபுலர் பற்றரி, அதற்கு ஒரு இன்வேட்டர். அதைப் பழிக்க மாட்டேன். விலை குறைவு, பழுதானால் இங்கேயே திருத்துவார்கள். பெட்டி பழுதானால் கொழும்பு வரை போக வேண்டும். ஆனால் ஈயப் பற்றரியில் எழுதியிருக்கிற அளவில் பாதிக்கு மேல் எடுத்தால் அது சீக்கிரம் சாகும். வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும், அமில ஆவிக்குக் காற்றோட்டம் வேண்டும். பாரம் ஐம்பது கிலோவுக்கு மேல். டித்வா இரவில் சித்தப்பா வீட்டில் அப்படி ஒன்று தரையில் இருந்தது. தண்ணீர் வாசல்படி ஏறும்போது இரண்டு ஆம்பிளைகள் சேர்ந்தும் மேசையில் ஏற்ற முடியவில்லை. எங்கள் தீவு மணல் திட்டு, எந்த மழையில் கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ எழும்பிப் போவோம் என்று தெரியாது. 12 கிலோப் பெட்டியைச் சின்னவளே தூக்குவாள். அம்மாவும் நெபுலைசரும் போகிற இடத்துக்கு அதுவும் வரும். கையில் தூக்குகிற பெட்டிக்கு நான் ஓம் என்றது அதனால்தான், கூடாரத்துப் படத்தைப் பார்த்து இல்லை.

அந்தக் கடைக்காரர் காட்டிய இன்வேட்டரில் ஒரு ஃபானைப் போட்டுக் காட்டச் சொன்னேன். சுற்றியது, ஆனால் வண்டு புகுந்தது போல ஒரு இரைச்சல். பின்பக்கத்து லேபிளைப் பார்த்தால் சுத்தமான சைன் அலை இல்லை, படிக்கட்டுப் போல வெட்டின அலை. மோட்டருக்கும் நெபுலைசருக்கும் அது சூடு. எதை வாங்கினாலும் லேபிளில் சுத்த சைன் அலை, 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் மூன்றையும் கண்ணால் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

அடுத்தது உள்ளே இருக்கிற பற்றரி. லிதியம் என்று பொதுவாகச் சொல்வார்கள், இரண்டு சாதி இருக்கிறது. லிதியம் இரும்பு பொஸ்பேற் வகை மூவாயிரம் தரம் ஏற்றி இறக்கினாலும் எண்பது வீதம் மிஞ்சும், தீப்பிடிக்கிற குணமும் குறைவு. நிக்கல் மங்கனீஸ் கோபால்ற் வகை பாரம் குறைவு, ஆனால் 500, 800 தரத்திலேயே தேயும், சூட்டையும் அவ்வளவு தாங்காது. எங்கள் வெயிலுக்கு இரும்பு பொஸ்பேற்தான். பெயரை மட்டும் பார்த்து ஏமாறாதே. ஜக்கரி எக்ஸ்ப்ளோரர் 1000 என்று பழையதும் இருக்கிறது, புதிய இரண்டாம் பதிப்பும் இருக்கிறது. பழையதில் 500 தரக்காரன், புதியதில் இரும்பு பொஸ்பேற். பழைய சரக்கைக் கழிவு விலையில் தள்ளுவார்கள். எக்கோஃப்ளோ டெல்டா 2 என்றால் 1024 வாற்-மணி, 1800 வாற், 12 கிலோ. புளூட்டி ஏசி180 என்றால் 1152, அதுவும் 1800, ஆனால் 16 கிலோ. அங்கர் சி1000உம் இதே தரம். மூன்றிலும் இரும்பு பொஸ்பேற்தான். இவற்றுக்குள் எது என்று நீ மண்டையை உடைக்க வேண்டாம். கொழும்பில் எதற்கு உத்தரவாத அட்டையும் திருத்துகிற ஆளும் இருக்கிறதோ, அதுதான் எங்கள் பெட்டி.

நாட்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் எந்தப் பெட்டியும் வெறும் பெட்டிதான். அதற்குப் பனல் வேண்டும். மடிக்கிற துணிப் பனல் வேண்டாம், விலையும் கூட, சோளகம் அடித்தால் கடலுக்குப் பறந்துவிடும். கண்ணாடிப் பனல் ஒன்றை இங்கேயே வாங்கி இரும்புச் சட்டத்தில் இறுக்கலாம். 200 வாற் பனல் எங்கள் வெயிலுக்கு நல்ல நாளில் 700, 800 தரும், அதாவது ஏறக்குறைய எங்கள் ஒரு இரவு. ஒரு எச்சரிக்கை இருக்கிறது. பெட்டி எத்தனை வோல்ற் வரை வாங்கும் என்று பார்க்க வேண்டும். டெல்டா 2 பெட்டி 60 வோல்ற் வரை வாங்கும். சின்னப் பெட்டிகள் சில 30க்கு மேல் தாங்காது. கூரைக்குப் போடுகிற பெரிய 550 வாற் பனல் ஒன்றே திறந்த நிலையில் 50 வோல்ற் போல வரும். மலிவு என்று அதைச் சின்னப் பெட்டியில் செருகினால் பெட்டி போச்சு.

பனல் வெயிலில், பெட்டி நிழலில். 45 பாகைக்கு மேல் சூடானால் இந்தப் பற்றரிகள் சார்ஜ் ஏற்காது, தகரக் கூரைக்குக் கீழே மத்தியானம் அந்தச் சூடு வரும். உள்ளறையில், கடற்காற்று நேராக அடிக்காத மூலையில் வைக்கப் போகிறேன். பெட்டிக்குள் குளிர்விக்கிற சின்ன ஃபான் இருக்கிறது, அது உப்பையும் மணலையும் சேர்த்துத்தான் உறிஞ்சும். பகலில் போனும் ரவுட்டரும் மட்டும் என்றால் 230 வோல்ற் பொத்தானை நிறுத்திவிட்டு 12 வோல்ற் துளையிலிருந்து எடுக்கலாம். இல்லாவிட்டால் இன்வேட்டர் சும்மாவே மணித்தியாலத்துக்குப் பத்துப் பதினைந்து தின்னும். ரவுட்டரை நம்பி நீ பெரிதாக இருக்காதே. டவரில் இருக்கிற பற்றரி இறங்கினால் எங்கள் ரவுட்டரில் லைற் எரியும், உன் முகம் வராது.

பெருநிலத்தில் பெரியம்மா வீட்டில் நின்ற காலம் நினைவிருக்கிறதா? யுத்தத் தடையால் ரோச் பற்றரிகூட உள்ளே விடாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவில் ரேடியோ கேட்டோம். சக்கரம் சுற்றுவது உன் வேலை. நீ தூங்கி விழுந்தால் செய்தியும் நிற்கும், பெரியப்பாவின் குட்டும் விழும். இப்போது ஸ்காபரோவில் இருந்துகொண்டு 1800 வாற் போதுமா என்று கேட்கிறாய்.

ஆக, இந்த மாதம் ஃபான் இரண்டுக்குக் காசு அனுப்பு, அது மன்னாரிலேயே கிடைக்கிறது. பெட்டிக்கு அவசரமில்லை, சோளகம் தொடங்குவதற்கு முன் வந்தால் போதும். அத்தானின் சிநேகிதர் ஒருவர் மாசியில் கண் கிளினிக்குக்குக் கொழும்பு போகிறார், அவரிடம் லேபிளில் பார்க்க வேண்டியதை எழுதிக் கொடுத்து மூன்று கடையில் விலை கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். விலை வந்ததும் சொல்கிறேன், நீயும் சின்னக்காவும் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். பனலும் சட்டமும் எங்கள் செலவு, அத்தான் ஒத்துக்கொண்டுவிட்டார்.

ஆவணியில் வரும்போது சூட்கேஸில் இடம் மிஞ்சும் அல்லவா? அம்மாவுக்கு நெபுலைசர் முகமூடி பெரியவர் அளவில் இரண்டு, இன்சுலின் பேனா ஊசி ஒரு பெட்டி கொண்டு வா. ஊசி 4 மில்லிமீற்றர், 32 கேஜ். பெரிய ஊசி என்றால் உன்னைத்தான் திட்டுவா.

அன்புடன்,
அக்கா